எட்டுத் தொண்டையும் ஒரு மைக்கும்

சினிமாப் பாட்டில் பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் முன், வயலின்களுக்கு மேலே பெண்குரல்கள் ‘ஆ...’ என்று எழுந்து அடங்கும். கோரஸ் என்று சொல்வோம். பாட்டைக் கேட்பவர்கள் பாடகர் பெயரைச் சொல்வார்கள், இசையமைப்பாளரைச் சொல்வார்கள், கவிஞரைக்கூடச் சொல்வார்கள். அந்த ‘ஆ’ யாருடையது என்று கேட்பவர்கள் குறைவு. 1980களின் நடுவிலிருந்து கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் அதில் ஒரு பங்கு என்னுடையது. இன்றைக்கும் அதே ‘ஆ’வைப் பாடுகிறேன். வீட்டுப் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கணினியும் ஒரு மைக்கும் வைத்து, எட்டுப் பேர் பாடவேண்டியதை நான் ஒருத்தியே எட்டு முறை பாடி அனுப்புகிறேன்.

பாட்டு, குறும்படம், படக்கதை என்று எதையாவது உருவாக்கத் துடிக்கும் பிள்ளைகள் என்னைப் பார்க்க வருவார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: “தனியா பண்றது நல்லதா ஆன்ட்டி, டீமா பண்றது நல்லதா?” இரண்டையும் தொண்டையால் செய்து பார்த்தவள் என்பதால் எனக்கு இதில் தீர்மானமான கருத்து உண்டு. அதைச் சொல்லவேண்டுமானால், எட்டுப் பேர் சேர்ந்து பாடும்போது என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லவேண்டும்.

காலை 7 மணிக்குக் கால்ஷீட். ஹாலில் வயலின்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார்கள். தபேலாவும் டிரம்ஸும் தடுப்புகளுக்குப் பின்னால். நாங்கள் ஒரு மூலையில், தனி அறை இருந்தால் அதற்குள். எட்டுப் பெண்களுக்கு ஒரு மைக். சில நாள் இரண்டு. இசையமைப்பாளரின் உதவியாளர் நொட்டேஷனைக் கொடுத்து, மேல்குரலையும் கீழ்க்குரலையும் பாடிக் காட்டுவார். மேற்கத்திய நொட்டேஷன் வாசிக்கத் தெரிந்தவர்கள் அப்படியே பார்த்துப் பாடுவார்கள். தெரியாதவர்கள் பக்கத்தில் தமிழில் ஸ்வரம் எழுதிக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் மானிட்டர், அதாவது ஒத்திகை. பிறகு டேக்.

ஸ்வரத்தைக் கற்றுக்கொள்வது சுலபம். ‘ஆ’வை ஒன்றாக்குவதுதான் வேலை. எழுத்தில் ஒரே ‘ஆ’. எட்டுப் பேர் வாயில் எட்டு விதமாக வரும். நெல்லைக்காரி வாய் ஒரு மாதிரி திறக்கும், பாலக்காட்டுக்காரி வாய் ஒரு மாதிரி, சர்ச்சில் பாடி வளர்ந்தவளுக்கு ஒரு மாதிரி, கர்நாடக சங்கீதம் கற்றவளுக்கு ஒரு மாதிரி. ஸ்வரம் சரியாக இருந்தும் உயிரெழுத்து ஒட்டவில்லை என்றால் கூட்டுக்குரல் பிசிறு தட்டும். நான் சேர்ந்த புதிதில் என் பக்கத்தில் நின்ற அக்கா காதோடு சொன்னது இன்னும் எனக்குப் பாடம். “பாப்பா, உன் ‘ஆ’ மட்டும் வெளிய நிக்குது. உதட்டைக் கொஞ்சம் குவி. உன் குரலே உனக்குப் பெருசாக் கேட்டா நீ சத்தமாப் பாடுறேன்னு அர்த்தம். பக்கத்துல இருக்கிறவ குரல் கேக்கணும், உன்னுதும் கேக்கணும், ரெண்டும் சமமா.”

அடுத்தது மூச்சு. எட்டு பார் நீளத்துக்கு ஒரே ஸ்வரத்தை விடாமல் பிடிக்கச் சொல்லி எழுதியிருப்பார்கள். தனி ஒருத்தியின் நுரையீரல் அதற்குத் தாங்காது. நாங்கள் மூச்சைப் பங்கு போட்டுக்கொள்வோம். நீ இரண்டாவது பாரின் நடுவில் எடு, நான் மூன்றாவதில், அவள் நான்காவதில் என்று கண்ணாலேயே பேசிக்கொள்வோம். ஒருத்தி ஓசையில்லாமல் விலகி மூச்செடுத்துத் திரும்பி வந்து சேர்வதற்குள் மற்ற ஏழு பேரும் அவள் இடத்தை மூடிக் காப்பார்கள். கேட்பவருக்கு மூச்சே விடாத ஒரு குரல் கேட்கும். உலகத்தில் எந்தத் தனி மனிதத் தொண்டையாலும் அதை உண்டாக்க முடியாது. ஸ்வீடனில் கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் பியோர்ன் விக்ஹோஃப் என்பவரும் அவர் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு பாட்டின் மூச்சு இடைவெளிகளை ஒட்டி ஒன்றாக ஏறி இறங்குவதை அளந்து காட்டினார்கள். எங்களுக்கு அது உடம்பில் தெரிந்த சங்கதி. டேக் நன்றாக அமைந்த நாளில், முடிந்ததும் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விடுவோம்.

இப்போது பின்னறைக்கு வருகிறேன். இசையமைப்பாளர் ஒரு கோப்பு அனுப்புவார். அதில் தாளமும் மெட்டும் இருக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் குரலைப் பாடுவேன். அது பதிவானதும் அதைக் கேட்டபடி இரண்டாவது, இரண்டையும் கேட்டபடி மூன்றாவது. இப்படி எட்டு அடுக்கு. எல்லாம் ஒரே பெண் பாடியதாகத் தோன்றக் கூடாது என்பதற்காக மைக்கிலிருந்து ஓரடி பின்னால் போய்ப் பாடுவேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு பாடுவேன். ஒரு அடுக்குக்கு அந்த அக்காவை மனதில் நிறுத்திக்கொண்டு அவரைப் போலக் கொஞ்சம் மூக்கில் பாடுவேன். இன்னொன்றை நெஞ்சிலிருந்து.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் அது எட்டுப் பேர் பாடியது ஆகாது. எட்டு வேறு தொண்டைகள் ஒரே ஸ்வரத்தில் நிற்கும்போது ஒருத்தி மயிரிழை கீழே இருப்பாள், ஒருத்தி கண நேரம் முந்துவாள், ஒருத்தியின் குரல் வேகமாக அசையும், இன்னொருத்தியுடையது மெதுவாக. இந்தச் சின்னச் சின்ன விலகல்களை வைத்துத்தான் ‘இது கூட்டம்’ என்று காது கண்டுபிடிக்கிறது. ஒருத்தியே எட்டு முறை பாடும்போது தொண்டையின் வடிவம் ஒன்று, பழக்கம் ஒன்று. மேல் பஞ்சமத்தில் என் குரல் இம்மி தூக்கி நிற்கும் என்றால் எட்டு அடுக்கும் அங்கே தூக்கித்தான் நிற்கும்.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. எனக்கு அது புரிய வெகுகாலம் பிடித்தது. என் எட்டாவது அடுக்கு, முதல் ஏழையும் கேட்டுப் பாடுகிறது. முதல் அடுக்கு யாரையும் கேட்டுப் பாடவில்லை. அது தனியாகப் பதிவாகி, அப்படியே நின்றுவிட்டது. பின்னால் வந்து சேர்ந்த எதையும் கேட்டு அதனால் தன்னை மாற்றிக்கொள்ள முடியாது. ஹாலில் எட்டுப் பேர் நின்றபோது, கடைசியில் நின்றவளின் ‘ஆ’ கொஞ்சம் இருண்டு ஒலித்தால் முதலில் நின்றவள் அந்தக் கணமே தன் ‘ஆ’வை இருட்டாக்கிக்கொள்வாள். எல்லோரும் எல்லோரையும் கேட்பார்கள், எல்லோரும் மாறுவார்கள்.

கூட்டு வேலை என்று நான் சொல்வது இதைத்தான். முதலில் செய்தவர், கடைசியில் வந்தவர் செய்ததைக் கேட்டுத் தன்னுடையதை இன்னும் மாற்ற முடிகிறதா? முடிகிறது என்றால் அது கூட்டு. முடியவில்லை என்றால் நாற்பது பேர் வேலை செய்திருந்தாலும் அது நாற்பது தனி வேலைகளின் அடுக்கு. எந்தக் கலையாக இருந்தாலும் நான் இந்த ஒரு கேள்வியைத்தான் போட்டுப் பார்ப்பேன்.

நம் திரையிசையிலேயே இதற்கு விதவிதமான விடைகள் உண்டு. எம்.எஸ். விஸ்வநாதனும் டி.கே. ராமமூர்த்தியும் சி.ஆர். சுப்பராமனிடம் வேலை பார்த்தவர்கள். 1952இல் அவர் இளம் வயதிலேயே மறைந்தபோது, பாதியில் நின்ற வேலைகளை முடித்துக் கொடுத்தவர்கள். அதே ஆண்டு ‘பணம்’ படத்தில் இரட்டையராக இசையமைக்கத் தொடங்கி, 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை சேர்ந்தே இருந்தார்கள். ஒருவர் ஆர்மோனியம், ஒருவர் வயலின். எந்த மெட்டில் யார் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி வேலை கலந்திருந்தது. எதிரில் கண்ணதாசன் உட்கார்ந்திருப்பார். மெட்டுக்காக வரி மாறும். வரிக்காக மெட்டு வளையும். முதலில் வந்தது கடைசியில் வந்ததைக் கேட்டு மாறிக்கொண்டே இருந்த அறை அது. இருவரும் பிரிந்த பின்னும் விஸ்வநாதன் மகத்தான பாட்டுகளைக் கொடுத்தார் என்பதையும் சொல்லவேண்டும். கவிஞரோடும் இயக்குநரோடும் அந்த உட்காருதல் நிற்கவில்லை.

1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜாவின் வழி வேறு. ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு குரலுக்கும் என்ன வேண்டுமோ அதைத் தாளில் எழுதி முடித்துவிட்டுத்தான் இசைக்கலைஞர்கள் முன்னால் வருவார். கற்பனை முழுக்க ஒரே தலைக்குள் நடக்கிறது. இவ்வளவு தனிமையான படைப்பு முறையை எங்கள் தொழிலில் வேறு எங்கும் காண்பது அரிது. ஆனால் அந்தத் தாள் ஒலியாவதற்கு அத்தனை பேரின் உடம்பு வேண்டும். வயலின் வில்லுக்கு ஒரு நீளம் உண்டு. முடியும் இடத்தில் திரும்பித்தான் ஆகவேண்டும். புல்லாங்குழல்காரருக்கு மூச்சு உண்டு. கோரஸுக்கும் உண்டு. எழுதியவரின் தனிமையும் வாசித்தவர்களின் கேட்டலும் ஒரே காலைப்பொழுதில் சந்தித்துக்கொண்டன. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய சிம்பொனியை வாசித்தபோதும் நடந்தது அதுதான்: ஒருவர் எழுதிய தாள், பல பேர் மூச்சு.

1989இல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்துப் பஞ்சதன் ஸ்டூடியோவை அமைத்தார். 1992இல் ‘ரோஜா’ வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னால், 1983இல், மிடி என்ற பொது மொழி வந்திருந்தது. எந்தக் கம்பெனி செய்த மின்னணுக் கருவியானாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வைத்த ஏற்பாடு அது. அதன் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் ஹாலில் கூடவேண்டிய தேவை போய்விட்டது. பாடகர் ஒரு நாள் வந்து பல விதமாகப் பாடிவிட்டுப் போவார். புல்லாங்குழல்காரர் வேறொரு நாள். இரண்டு பேர் பாடும் காதல் பாட்டை அந்த இருவரும் சந்திக்காமலே பாடினார்கள். கோரஸ்காரிகளான நாங்கள் இதை முதலில் கவலையோடுதான் பார்த்தோம். ஆனால் அந்த முறையின் பலம் வேறு இடத்தில் இருந்தது: எதுவும் இறுகிவிடவில்லை. கடைசியாகப் பதிவான குழலைக் கேட்டுவிட்டு, முதலில் போட்ட தாளத்தையே தூக்கிவிட முடிந்தது. ஹாலில் எட்டுப் பேரிடம் பரவியிருந்த கேட்கும் வேலை முழுவதும் ஒரே ஆளின் காதுக்குள் போனது. தன் முதல் அடுக்கைத் தயங்காமல் தூக்கிப்போடக்கூடிய காது அது என்பதால் அந்த முறை பலித்தது. அந்தக் காது இல்லாமல் அதே கருவிகளை மட்டும் வாங்கி வைத்தவர்கள் நிறைய.

வெளிநாட்டில் என் தொழிலோடு நேரடியாகச் சேர்ந்த ஒரு பெயர் உண்டு: அயர்லாந்தின் என்யா. 1988இல் வந்த ‘வாட்டர்மார்க்’ தொகுப்பில் ஒரு பெரிய தேவாலயக் கூட்டமே பாடுவது போல ஒலிக்கும். அத்தனையும் அவர் குரல், அடுக்கு மேல் அடுக்கு. தனிமைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்றுதான் தோன்றும். ஆனால் அவர் தன் குடும்ப இசைக்குழுவான கிளானட்டை விட்டு 1982இல் வெளியே வந்தபோது அவரோடு வந்தவர்கள் நிக்கி ரயனும் அவர் மனைவி ரோமா ரயனும். மெட்டும் குரலும் என்யா, வரிகள் ரோமா, ஒலிப்பதிவும் தயாரிப்பும் நிக்கி. குரலைச் சுவர் போல அடுக்கும் யோசனையில் நிக்கிக்குப் பெரும் பங்கு. உறையில் ஒரே பெயர். வேலையில் மூன்று பேர். பாடகி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பாட, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இன்னொரு காது எப்போதும் இருந்திருக்கிறது.

லண்டன் இளைஞர் ஜேக்கப் காலியர் நிஜமாகவே தனியாகச் செய்தார். 2016இல் வந்த அவருடைய முதல் தொகுப்பின் பெயரே ‘என் அறையில்’ என்ற பொருளில்தான் இருக்கும். எல்லாக் கருவியும் எல்லாக் குரலும் அவரே, தன் வீட்டு அறையில். அதற்கு இரண்டு கிராமி விருதுகளும் கிடைத்தன. இவ்வளவையும் தனியாகச் செய்ய முடியும் என்று உலகத்துக்கு நிரூபித்த பிறகு அவர் எங்கே போனார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2018இல் நெதர்லாந்தின் மெட்ரோபோல் இசைக்குழுவோடு அடுத்த தொகுப்பு. பிறகு கச்சேரிக்கு வந்த ரசிகர்களையே மூன்று குரல்களாகப் பிரித்து, கையசைவால் ஏற்றி இறக்கிப் பாட வைத்து, அந்தக் குரல்களையும் தொகுப்பில் சேர்த்தார்.

‘குழு’ என்றதும் ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து யோசனை சொல்வதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற அமெரிக்க விளம்பர நிறுவனக்காரர் 1953இல் எழுதிய புத்தகத்தால் பரவிய பழக்கம் அது. விமர்சிக்காதீர்கள், வாயில் வருவதைச் சொல்லுங்கள், யோசனை கொட்டும் என்றார் அவர். ஐந்தே ஆண்டில், 1958இல், யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் கூடி யோசித்தபோது வந்ததைவிட, நான்கு பேர் தனித்தனியாக யோசித்து, பின்பு சேர்த்துப் பார்த்தபோது யோசனைகள் கூடுதலாக இருந்தன. காரணத்தை 1987இல் டீல், ஷ்ட்ரோப என்ற இரண்டு உளவியலாளர்கள் தேடினார்கள். கூட்டத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும்போது யோசனை தேங்கி நின்றுவிடுகிறது. பாடுகிறவளுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பாடிக்கொண்டே கேட்க முடியும். எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே கேட்க முடியாது. அதனால் முதல் யோசனை தனியாகத்தான் பிறக்கவேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு. குரல்களைப் பிரித்து எழுதும் வேலையை நான் விடியற்காலையில், வீட்டில் யாரும் எழுந்திருக்கும் முன்னால், சாப்பாட்டு மேசையில் செய்கிறேன். அந்தக் காகிதத்தை அப்போது யாருக்கும் காட்டமாட்டேன். முளைக்கும் யோசனை இன்னொருவர் முகம் சுளித்தாலே செத்துப்போகும்.

இன்னொரு ஆய்வு என்னை நேராகவே தொட்டது. 1979இல் பிப் லாட்டனேயும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்காவில் மாணவர்களை உரக்கக் கத்தவும் கை தட்டவும் சொன்னார்கள். தனியாகக் கத்தும்போது எழுப்பிய சத்தத்தைக் கூட்டத்தில் கத்தும்போது அவர்கள் எழுப்பவில்லை. கண்ணையும் காதையும் மறைத்துவிட்டு, ‘உன்னோடு மற்றவர்களும் கத்துகிறார்கள்’ என்று நம்ப வைத்தாலே போதும், குரல் தணிந்துவிடும். தன் சத்தம் தனியாகத் தெரியாது என்று நினைத்த உடனே மனிதன் தன்னை அறியாமல் கையைத் தளர்த்திக்கொள்கிறான். பின்னால் நடந்த சோதனைகளில், ஒவ்வொருவர் சத்தமும் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தபோது அந்தத் தளர்ச்சி மறைந்தது.

எங்கள் பெயர்கள் இசைத்தட்டு உறைகளில் வந்ததில்லை. கோரஸ் என்று ஒரு சொல்கூடப் பல உறைகளில் இருக்காது. வயலின்காரர்களுக்கும் அதே கதைதான். பெயர் வராத வேலையில் எங்கள் கையைத் தளரவிடாமல் வைத்தது பக்கத்தில் நின்றவளின் காது. அந்த அக்கா என் ‘ஆ’வைத் தனியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார் என்பது எனக்குத் தெரியும். ரஹ்மான் தன் ஒலிநாடா உறைகளில் குழல் யார், வயலின் யார், ஒலிப்பதிவு யார் என்று பெயர் பெயராக அச்சிட்டபோது எங்கள் வட்டாரத்தில் அது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்பதை வெளியில் இருந்தவர்கள் உணர்ந்திருக்கமாட்டார்கள். கூட்டாக வேலை செய்யும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: யார் எதைச் செய்தார் என்று தொடங்கும்போதே எழுதி வையுங்கள். பணத்துக்காகக்கூட வேண்டாம், வேலைக்காக.

இந்த இடத்தில் எம்.பி. சீனிவாசனைச் சொல்லாமல் நகர முடியாது. மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். சென்னையில் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியதில் முன்னின்றவர். ‘மெட்ராஸ் யூத் கொயர்’ என்ற சேர்ந்திசைக் குழுவை உருவாக்கி, பாரதி பாடல்களையும் பல இந்திய மொழிப் பாடல்களையும் பல குரல்களில் பாட வைத்தவர். 1988இல் லட்சத்தீவில் காலமானார். இசைக்கலைஞனின் கூலிக்காகப் போராடியதும், தனிக்குரலையே கொண்டாடும் நாட்டில் சேர்ந்து பாடுவதைக் கற்றுக்கொடுத்ததும் அவருக்கு ஒரே வேலையாக இருந்தது என்று நான் நம்புகிறேன். இரண்டிலும் பெயர் தெரியாத குரலுக்கு மதிப்பு கேட்டார்.

தனி வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கள் காலத்தில் கோரஸில் நிற்கவேண்டும் என்றால் சென்னையில் வீடு வேண்டும், யாராவது கூட்டிக்கொண்டு போகவேண்டும், வீட்டில் அனுப்பவேண்டும். குரல் இருந்தும் அந்த மூன்றும் இல்லாமல் போன பெண்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். இன்று தென்காசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒரு பெண் கைபேசியில் நான்கு குரல் அடுக்கி எனக்கு அனுப்புகிறாள். அவள் யாரிடமும் போய் நிற்கவேண்டியதில்லை. அந்தச் சுதந்திரத்தின் முன்னால் எங்கள் ஹால்களின் பெருமையை நான் உயர்த்திப் பிடிக்கமாட்டேன்.

ஆனால் ஒன்றை அவளுக்கும் சொல்கிறேன், அவளைப் போன்ற எல்லோருக்கும் சொல்கிறேன். கணினியில் விசையைத் தட்டினால் வரும் வயலின் கூட்டம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. லண்டனிலோ வியன்னாவிலோ ஒரு பெரிய கூடத்தில் நிஜமான கலைஞர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக, அழுத்தமாக, மேல்வில்லில், கீழ்வில்லில் என்று பல தடவை வாசித்துப் பதிவு செய்தவை அவை. தன் அறையில் தனியாக இருப்பதாக நினைக்கும் இசையமைப்பாளர் ஒரு பெரிய கூட்டத்தோடுதான் வேலை செய்கிறார். அந்தக் கூட்டத்துக்கு அவர் பாட்டு கேட்கவில்லை, அவ்வளவுதான். என் முதல் அடுக்கைப் போல அவர்கள் முன்கூட்டியே வாசித்து முடித்துவிட்டார்கள். “இந்த இடத்தில் வில் திரும்பணும் சார், ஒரு சின்ன இடம் கொடுங்க” என்று அவர்களால் சொல்ல முடியாது. ஒரு இளைஞர் தன் குறும்பட இசையைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். அழகான மெட்டு. நாற்பது வயலின்கள் ஒன்றரை நிமிடம் மூச்சே விடாமல் இழுத்தன. கேட்ட எனக்கு மூச்சு முட்டியது. “இதைப் பாடிக் காட்டுப்பா” என்றேன். பாடினார், இரண்டு இடத்தில் மூச்செடுத்தார். அந்த இரண்டு இடத்திலும் வயலின்களை நிறுத்தச் சொன்னேன். அங்கேதான் மெட்டுக்கு உயிர் வந்தது.

தனியாகத்தான் செய்யவேண்டும் என்று இருக்கும்போது நான் கண்டுபிடித்த வழி இது. எட்டு அடுக்கும் பாடி முடித்த பிறகு முதல் அடுக்கை அழித்துவிடுவேன். மற்ற ஏழையும் காதில் வைத்துக்கொண்டு அதைத் திரும்பப் பாடுவேன். ஏழு பேர் பாடும் இடத்துக்கு அவள் இப்போதுதான் வந்து சேர்கிறாள், கேட்டுக்கொண்டு வருகிறாள். நேரம் இருந்தால் இரண்டாவதையும் அப்படியே. கதை எழுதும் என் தங்கை மகளும் இப்போது இப்படித்தான் செய்கிறாள்: கடைசி அத்தியாயத்தை முடித்ததும் முதல் அத்தியாயத்தைத் திருத்தாமல், பார்க்காமல், புதிதாக எழுதுகிறாள்.

சென்ற ஆண்டு என் பாட்டியிடம் கேட்ட தாலாட்டுகளை நான்கு குரலுக்கு எழுதினேன். நீலாம்பரி. எழுதியது முழுக்கத் தனியாக. நானே அடுக்கி ஒரு மாதிரிப் பதிவும் செய்தேன். பிறகு பழைய தோழிகளுக்குப் போன் போட்டேன். ஒருத்தி பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். ஒருத்தி தாம்பரத்தில் பேரப்பிள்ளை பார்த்துக்கொள்கிறாள். கணவர் இறந்த பிறகு பாடுவதையே விட்டவள் ஒருத்தி. வேலை குறைந்து, கூடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது இவர்கள் யாரும் ஒரு வார்த்தை புகார் சொல்லாமல் வீட்டுக்குப் போனவர்கள். அவ்வளவு பயிற்சி பெற்ற காதுகளை ஒரு நகரம் இப்படி வீணாக்கியது எனக்கு இன்றும் ஆறாத துக்கம்.

எட்டுப் பேர் சேர்ந்தோம். ஒரு கால்ஷீட்டுக்குக் கூடம் வாடகைக்கு எடுத்தோம். மூன்றாவது தாலாட்டின் மூன்றாவது குரலில், முடிவில் மெல்ல மேலேறி நிஷாதத்தில் நிற்கும்படி எழுதியிருந்தேன். தாம்பரத்துத் தோழி இரண்டு தடவை முயன்றுவிட்டு நிறுத்தினாள்.

“எனக்கு அங்க எட்டல. கீழ பஞ்சமத்துல நிக்கட்டா?”

“நில்லு, கேப்போம்.”

அவள் கீழே இறங்கி மந்தரப் பஞ்சமத்தில் நின்றாள். அறுபது வயதுத் தொண்டை, கொஞ்சம் கரகரப்பு. அவள் அங்கே நின்றதும் முதல் குரல் பாடிய பள்ளிக்கூட டீச்சர், யாரும் சொல்லாமலே, தன் குரலைப் பாதியாகக் குறைத்தாள். நான்காவது குரல்காரிகள் மூச்சிடத்தை மாற்றிக்கொண்டார்கள். ஒரு சின்ன இறக்கத்தால் எட்டுப் பேரும் இடம் மாறினோம். தாள் அந்த இடத்தில் சொன்னது எதுவும் மிஞ்சவில்லை. விடியற்காலையில் அந்த மேசையில் இன்னும் நூறு நாள் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பஞ்சமம் எனக்குத் தோன்றியிருக்காது. என் தொண்டைக்கு அந்த நிஷாதம் எட்டுமே. ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டாக்பேக்கில், “அம்மா, இதையே வெச்சுக்கலாம்” என்றார். வைத்துக்கொண்டோம்.

தொகுப்பு தயாராகிவிட்டது. குரல் பிரித்து எழுதியது நான் என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே ‘பாடியவர்கள்’ என்று எட்டுப் பெயரும் அகர வரிசையில், எவர் எந்தக் குரல் பாடினார் என்ற குறிப்போடு. மூன்றாவது தாலாட்டின் முடிவை அமைத்தவர் என்று தாம்பரத்துத் தோழியின் பெயர் தனியாக ஒரு வரியில் வரும். வேண்டாம் என்று அவள் மறுத்துப் பார்த்தாள். அச்சுக்குப் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன்.